வெளுக்காத மஞ்சள்

லட்டு செங்கல் நிறத்தில் வந்த அன்றுதான் ஊர் என்னைச் ‘சாய மாஸ்ரர்’ என்று கூப்பிடத் தொடங்கியது. அதற்கு முன்பு எனக்கிருந்த பட்டம் இதைவிட மோசம் என்பதால் நான் மறுப்புச் சொல்லவில்லை.

தொண்ணூறுக்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடைக்காலம் அது. மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு கிடுகுக் கொட்டில் ரியூட்டறியில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான சோதனையை எடுக்கக்கூடிய அத்தனை தடவையும் எடுத்து, அத்தனை தடவையும் வாசலோடு திரும்பியவன் நான். எந்தெந்த இடத்தில் வழுக்கும் என்று சொல்லிக்கொடுக்க என்னைவிடத் தகுதியான ஆள் யாழ்ப்பாணத்தில் இல்லை.

சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி, சிமெந்து என்று குடாநாட்டுக்குள் வராத சாமான்களோடு பலகாரத்துக்குப் போடும் கலர்ப் போத்தல்களும் வராமல் போயின. சந்தியில் பலகாரக் கடை வைத்திருந்த முதலாளி ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே உள்ளே வந்துவிட்டார்.

“மாஸ்ரர், கலர் போடாமல் லட்டுப் பிடிச்சால் சனம் பொரிவிளாங்காயோ எண்டு கேக்குது. உங்கடை படிப்பிலை உதுக்கு ஒரு வழி இல்லையே?”

என்னையும் படிப்பையும் ஒரே வசனத்தில் வைத்து யாரும் அதுவரை பேசியதில்லை. அந்த மயக்கத்திலேயே ஒப்புக்கொண்டேன். சிவப்புக்கு பீற்றூட், பச்சைக்குப் பசளிக்கீரை, மஞ்சளுக்கு மஞ்சள். கரும்பலகையில் எழுதினால் எவ்வளவு அழகு!

பீற்றூட் சாற்றைக் கொதிக்கும் பாகில் ஊற்றினோம். அந்தச் சிவப்பு சூடு தாங்காது என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு விரைவில் தாங்காது என்பது தெரியாது. மஸ்கற் அல்வா கிளறி முடிவதற்குள் அது குளத்து மண்போல ஆகிவிட்டது. பசளிக்கீரையில் பச்சையத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும் மகனீசியம் சூட்டில் கழன்றுபோக, தேங்காய்ப்பால் தொதல் இராணுவச் சீருடை நிறத்தில் வந்தது. அதை விற்பது இருக்கட்டும், கடையில் வைத்திருக்கவே முதலாளி பயந்தார். கடைசியில் லட்டு. கடலைமாவில் அப்பச்சோடா போடுவார்கள் என்பதை நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. சோடாவின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆலாத்தி எடுக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. என் நினைவுக்கு மட்டும் செங்கல் நிறத்தைக் கண்ட பிறகுதான் வந்தது. சோடாவை நிறுத்தினோம். நிறம் தேறியது, லட்டு இறுகியது. குண்டுகளுக்குக் குறைவில்லாத யாழ்ப்பாணத்தில் நாங்களும் எங்கள் பங்குக்குச் சில உற்பத்தி செய்தோம். பிறகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்து ஒருவாறு சமாளித்தோம். லட்டு மிருதுவாகவும் மஞ்சளாகவும் வந்தது. முதலாளி என்னை விஞ்ஞானி என்றார். நான் நம்பினேன்.

அந்த மஞ்சள் வந்தது ஊரிலிருந்த ஒரேயொரு அரைக்கிற மில்லிலிருந்து. அதை நடத்தியவரை நாங்கள் மில்லுக்கார அக்கா என்போம். எண்பத்து மூன்றில் கொழும்பில் கடையையும் புருஷனையும் நெருப்புக்குக் கொடுத்துவிட்டு, உடுத்த சேலையோடு கப்பலில் வந்து இறங்கியவர். கழுத்திலும் காதிலும் மிஞ்சியதை விற்று ஒரு பழைய இயந்திரம் வாங்கி, அதற்கு மேல் ஒரு தகரக் கூரை போட்டு, மிளகாயும் மல்லியும் அரைத்துக் கொடுத்துச் சீவித்தார். மின்சாரம் நின்றபிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினை மில்லோடு பூட்டி ஓட்டினார். பின்வளவு வாழைகளுக்குக் கீழே மஞ்சள் நட்டு, கிளப்பி, அவித்து, காயவைத்து, அரைத்து விற்றார். அந்த மில் நின்றால் அவருக்குச் சோறு நிற்கும். வேறு ஆதாரமும் இல்லை, ஆளும் இல்லை.

அவர்மேல் இரக்கப்பட ஊர் ஆயத்தமாகத்தான் இருந்தது. அவர் விடவில்லை. அப்படியொரு வாய். முதல் தடவை நான் மஞ்சள் வாங்கப் போனபோது என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்:

“தம்பி, உன்னைக் காயவைச்சு அரைச்சாலும் கால் கொத்துத் தேறாது.”

சனசமூக நிலையத் தலைவர் ஓய்வுபெற்ற ரெயில்வே ஸ்ரேசன் மாஸ்ரர். தண்டவாளங்களைக் கழற்றிப் பங்கர்க் குழிகளுக்குக் கூரை போட்டிருந்த காலத்திலும் வெள்ளைக் காற்சட்டையோடு கூட்டங்களுக்கு வருவார். அவருக்கு அக்கா சொன்னது, “அண்ணை, ரெயில் இல்லாத ஊரிலை ஆருக்குக் கொடி காட்டுறியள்?” பலகாரக் கடை முதலாளியின் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்து, “உந்த எண்ணெயை வெள்ளைக்காரன் போகேக்கை ஊத்தினதே?” என்று சந்தியில் வைத்தே கேட்டார். ஒரு பகிடிக்காரன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் மரியாதையும் பொறாமையும் இருந்தன. மற்றவர்களுக்கு இரண்டாவதும் இல்லை, முதலாவதும் இல்லை.

அப்படியிருக்கும்போது ஒரு கலியாண வீட்டில் எங்கள் லட்டு பரிமாறப்பட்டது. பின்னேரம் நாலு மணிக்குள் மாப்பிள்ளை பகுதி முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. கக்கூஸ் ஒன்று, ஆட்கள் ஐம்பதுக்கு மேல். அதே நேரம் பார்த்து வானத்தில் குண்டு போடும் பொம்பர் சுற்றத் தொடங்கியது. பங்கருக்குள் ஓடுவதா, கக்கூசுக்கு ஓடுவதா என்று மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு முற்றத்தில் நின்று தவித்ததை நான் கண்டேன். அவர் கடைசியில் பங்கருக்குள் போனார். அது பிழையான முடிவு என்று அதற்குள் ஏற்கனவே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

யாரும் சாகவில்லை. ஆனால் யாரையாவது பிடித்தாக வேண்டும். முதலாளி தன் எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னார்:

“லட்டிலை நான் புதுசா என்னத்தைப் போட்டனான்? மஞ்சள் ஒண்டுதான் புதுசு. இந்தத் தடைக்காலத்திலை அவளுக்கு மட்டும் எங்காலை இவ்வளவு மஞ்சள்? சாயம் கலக்கிறாள்.”

மஞ்சளைப் போடச் சொன்னவன் நான் என்பது அடுத்த நிமிடமே எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. “எண்ணெயை ஒருக்கால் பாருங்கோ” என்றேன். “மாஸ்ரருக்கு எப்பவும் பகிடி” என்று சிரித்தார்கள். சரக்கைச் சோதிப்பது, கலப்படம் என்றால் மில்லைப் பூட்டுவது என்று தலைவர் தீர்மானித்தார். “அல்லாட்டில் இயக்கப் பெடியளிட்டைக் குடுப்பம்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்படிக் கொடுத்த ஆட்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. சோதிக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. ஊரில் வேறு இரசாயனக்காரன் இல்லை. இருந்தவர்கள் எல்லோரும் சோதனையில் சித்தியடைந்து வெளிநாடு போயிருந்தார்கள்.

மஞ்சளில் வழக்கமாகக் கலக்கும் சாயத்தைப் பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தூளைச் சாராயத்தில் கரைத்து, செறிந்த ஐதரோகுளோரிக்கமிலத்தில் சில துளி விட்டால் சாயம் இளஞ்சிவப்பாகும். இதில் ஒரு பொறி இருக்கிறது. சுத்தமான மஞ்சளும் அமிலத்தில் சிவக்கும். ஆகவே சிவந்ததும் கையைத் தட்டிவிட்டு எழும்பக் கூடாது, தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சளின் சிவப்பு தண்ணீரில் கலைந்து பழையபடி மஞ்சளாகிவிடும். கள்ளச் சாயத்தின் சிவப்பு எவ்வளவு ஊற்றினாலும் போகாது. மறைவது சுத்தம், நிற்பது கள்ளம். அவ்வளவுதான்.

பின்னேரம் சனசமூக நிலைய வாசிகசாலை நிரம்பிவிட்டது. பத்திரிகை வாசிக்கும் நீள மேசையில் சோதனைக் குழாய்களையும், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மிஞ்சிக் கிடந்த அமிலத்தையும், ஒரு குப்பி வடிசாராயத்தையும் அடுக்கினேன். சாராயத்தைக் கண்டதும் முன்வரிசை கிட்ட வந்தது. அக்கா தன் மஞ்சள்தூள் தகரத்தை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பயப்பிடாதேங்கோ அக்கா” என்றேன் மெதுவாக.

“நானேன் பயப்பிட? என்ரை வளவிலை விளைஞ்சது. நீ உந்தப் போத்திலைக் கவனமாப் பிடி. சிந்தினால் இருக்கிற தோலும் போயிடும்.”

சபையைப் பார்த்து விளக்கத் தொடங்கினேன். “முதல் சிவக்கும். அது கணக்கில்லை. பிறகு தண்ணி விடுவன், அதிலைதான் விசயம் இருக்கு. கலியாணம் மாதிரி. மாலை போடேக்கை எல்லா முகமும் சிவப்பாத்தான் இருக்கும், குடும்பம் நடத்தினாப் பிறகுதான் ஆள் ஆரெண்டு தெரியும்.” சபை விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் இரசாயனம் முழுவதும் அடிபட்டுப் போனதை நான் கவனிக்கவில்லை. பகிடி எடுபட்ட சந்தோசத்தில் நின்றேன்.

அமிலம் விட்டேன். குழாயில் சிவப்பு எழும்பியது.

“ஐயோ, இரத்தம் மாதிரி!” என்றாள் ஒருத்தி.

“பொறுங்கோ, பொறுங்கோ” என்று செம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். பாடப் புத்தகத்தில் சொன்னபடியே சிவப்பு கலைந்தது. குழாயில் கலங்கல் மஞ்சள் மட்டும் நின்றது. அதைவிடச் சுத்தமான மஞ்சளை நான் அதற்கு முன்போ பின்போ சோதித்ததில்லை. குழாயைத் தூக்கிக் காட்டி, “பாத்தியளே! சிவப்புப் போயிட்டுது!” என்றேன்.

 பலகாரக் கடை முதலாளி தொடையில் அடித்துக்கொண்டு எழும்பினார்.

“ஓமோம், பாத்தம்! சாயம் வெளுத்துப் போச்சு!”

வாசிகசாலை அதிர்ந்தது. ஒரு பகிடிக்காரனின் காதால் சொல்கிறேன்: அதைவிடப் பொருத்தமான இடத்தில் அந்தச் சொல் விழுந்து நான் கேட்டதில்லை. தமிழில் சாயம் வெளுத்தால் ஆள் அகப்பட்டார் என்று அர்த்தம். இரசாயனத்தில் இங்கே ஆள் தப்பினார் என்று அர்த்தம். இரண்டும் மோதினால் எது வெல்லும் என்று கேட்கத் தேவையில்லை. ஊர் பிறந்ததிலிருந்து பேசுவது தமிழ்.

“இல்லை, இல்லை! வெளுத்தால்தான் நல்லது! வெளுக்காமல் நிண்டால்தான் கள்ளம்!” என்று கத்தினேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. இரண்டாவது குழாய் எடுத்தேன், மூன்றாவது எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் சிவப்பு மறைய ஒவ்வொரு தடவையும் “வெளுத்திட்டுது! வெளுத்திட்டுது!” என்று பின்வரிசை கைதட்டியது. அவருடைய குற்றமின்மையை எவ்வளவு திருத்தமாக நிரூபித்தேனோ அவ்வளவு உறுதியாக அவர் குற்றவாளியானார்.

தலைவர் எழும்பித் தொண்டையைச் செருமி, ரெயில் பிந்தி வருவதை அறிவிக்கும் குரலில், “பகிரங்கமாகப் பரிசோதிக்கப்பட்டதில் சாயம் வெளுத்தமை நிரூபணமாகியுள்ளது” என்றார். மில்லைப் பூட்ட வேண்டும். கையிருப்பை அழிக்க வேண்டும்.

“தாலி இல்லாதவளிட்டை மஞ்சள் வாங்கின எங்களைச் சொல்லோணும்” என்றாள் முன்னால் நின்ற ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குக் கடனுக்கு மிளகாய் அரைத்துக் கொடுத்தவர் அக்கா. பெண் அதைச் சொல்லும்போது அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். மற்றப் பெண்கள் தலையை ஆட்டினார்கள்.

மில்லிலிருந்து சாக்குகளை இழுத்துவந்து றோட்டில் கொட்டினார்கள். காற்று அள்ளி எறிந்ததில் கொட்டினவர்களும் மஞ்சளாகி, ஏதோ கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள்போல நின்றார்கள். நல்ல உற்சாகம். பொம்பரும் இல்லாத ஒரு பின்னேரத்தில் சனத்துக்கு வேறென்ன பொழுதுபோக்கு? அக்கா படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்.

“கொழும்பிலை கொளுத்தினவங்கள் ஒண்டையும் சோதிச்சுப் பாக்கேல்லை” என்றார். “நீங்கள் மாஸ்ரரை வைச்சுச் சோதிச்சுப்போட்டுக் கொட்டுறியள். படிச்ச ஊர்தான்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “உனக்கு உந்தக் கலியாணக் கதை தேவையாடா?” என்றார்.  அது நல்ல பகிடி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மில் நின்றது. மழை வரும்வரை அந்த றோட்டில் சைக்கிள் ரயர்களெல்லாம் மஞ்சள். ஊரார் இரண்டு கட்டை தூரம் தள்ளியிருந்த இன்னொரு மில்லுக்குப் போனார்கள். அக்கா பின்வளவு வாழைக்குலைகளை விற்றார். பிறகு வாழைமரங்களையே மாட்டுத் தீனிக்கு விற்றார். மெலிந்துபோனார். என்னைக் காயவைத்து அரைத்தால் தேறாது என்றவர் கடைசியில் என் அளவுக்கு வந்துவிட்டார்.

அந்தப் புது மில்லின் மஞ்சள் எங்கள் வீட்டுக்கும் வந்தது. பார்த்தவுடனேயே சந்தேகம். அமிலம் விட்டேன், ஊதா கலந்த சிவப்பு. தண்ணீர் விட்டேன், நின்றது. ஒரு செம்பு, ஒரு வாளி, குழாய் நிரம்பி வழிந்தது, சிவப்பு அசையவில்லை. வென்றுவிட்டேன் என்று அதைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் தலைவரிடம் பறந்தேன்.

“பாருங்கோ ஐயா. எவ்வளவு தண்ணி விட்டாலும் போகுதில்லை!”

தலைவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மலர்ந்தது.

“அசல் சரக்கு. வெளுக்கவே இல்லை, பாத்தீரே!”

“ஐயா, அதுதான் கள்ளம்...”

“உம்மடை பகிடியை விடும்.” அமிலப் போத்தலையும் வாங்கி வாசிகசாலை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். இனிமேல் ஊருக்குள் வரும் மஞ்சளைச் சனசமூக நிலையமே சோதிக்குமாம். ‘வெளுக்காத மஞ்சள்’ என்ற பெயர் அன்றோடு பரவிவிட்டது.

சில நாட்களில் அக்கா ரியூட்டறி வாசலுக்கு வந்தார். “தம்பி, அந்த மில்லுக்காரன் என்னத்தைக் கலக்கிறான்?”

முறைப்பாடு கொடுக்கப் போகிறார் என்று எனக்கு ஒரே சந்தோசப் புளுகம். சோக்கட்டியை எடுத்து விளக்கினேன். பெட்டி இழைக்கிற பனையோலைக்குப் போடும் மஞ்சள் சாயமாக இருக்கும். சந்தையில் இன்னும் கிடைக்கிறது. மாவோடு கொஞ்சம் மஞ்சள் கலந்த ஒரு கொத்துத் தூளுக்கு ஒரு சிட்டிகை போதும். மலிவு. ஆனால் நாள்பட ஈரலுக்குக் கூடாது. அவர் ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டார். என் மாணவர்கள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அதனால் இன்னும் விரிவாகச் சொன்னேன்.

“ஒரு சிட்டிகையே?” என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் மில் திறந்தது. அவரே ஒரு தகரத்தைக் கொண்டுபோய்ச் சனசமூக நிலையத்தில் சோதனைக்குக் கொடுத்தார். தலைவர் அமிலம் விட்டார், தண்ணீர் விட்டார், கூடியிருந்தவர்களுக்குக் காட்டினார். சிவப்பு அசையவில்லை. “ஆள் திருந்தீட்டா” என்றார். கைதட்டினார்கள். நான் எழும்பி உண்மையைச் சொன்னேன். பல்கலைக்கழகச் சோதனையில் அத்தனை தடவையும் கோட்டை விட்டவன் சொல்கிறான் என்று முதலாளி ஞாபகப்படுத்தினார். அதற்கும் கைதட்டினார்கள்.

மில் முன்னால் வரிசை நின்றது. தாலிக் கதை சொன்ன பெண்தான் முதல் ஆள். அக்கா அவளைக் கண்டதும் சிரித்தார். “வாங்கோ பிள்ளை, வெயிலுக்கை நிக்காமல் இப்பிடி வாங்கோ. வீட்டிலை எல்லாரும் சுகமே? இந்தாங்கோ, ஒரு பிடி கூடப் போட்டிருக்கு.” தலைவருக்கு ஒரு பொட்டலம் இலவசம். முதலாளிக்குச் சாக்குக் கணக்கில். ஒருவரையும் திட்டவில்லை. அவ்வளவு இனிமையாக அவர் பேசி ஊர் கேட்டதில்லை. “கஷ்டம் ஆளை மாத்திப்போட்டுது” என்று சனம் நெகிழ்ந்தது. அவர் வாய்க்கு வந்தபடி திட்டின காலத்தில் இந்தச் சனம் சுத்தமான மஞ்சள் சாப்பிட்டது. இப்போது அன்பாக விசாரித்து, ஒரு பிடி கூடவும் போட்டுக் கொடுக்கிறார்.  

என் முறை வந்தது. அக்கா சிரிக்கவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து வேறொரு தகரத்திலிருந்து அள்ளிக் கட்டினார்.

“இது வெளுக்கிறது” என்றார் மெதுவாக. “மிஞ்சின மஞ்சள் கட்டையிலை எனக்கெண்டு அரைச்சது. விலை இரட்டை.”

“ஏன் அக்கா இரட்டை?”

“வாயைத் திறந்து கலியாணக் கதை சொன்னதுக்கு.”

கொடுத்தேன். ஊரில் சுத்தமான மஞ்சள் வைத்திருக்கும் இரண்டே இரண்டு பேரில் நானும் ஒருவன் என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி பொட்டலத்தைப் பிரித்து, விரலில் தொட்டு, வெளிச்சத்தில் பார்த்தாள்.

“என்ன இது, செத்தவன்ரை முகம் மாதிரி? பக்கத்து வீட்டுக்காரி வாங்கினது எப்பிடி இருக்கு தெரியுமே, தங்கம் மாதிரி. உங்களைக் கண்டால் எல்லாரும் ஏமாத்துவினம்.”

இதுதான் சுத்தம் என்றேன். குர்க்குமின் என்றேன். சாராயம், அமிலம், தண்ணீர் என்றேன். கலியாண உதாரணத்தை மட்டும் கவனமாகத் தவிர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மாத்திக்கொண்டு வாங்கோ” என்றாள்.

திரும்பிப் போனபோது வரிசை போய்விட்டிருந்தது. அக்கா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையில் பொட்டலத்தைக் கண்டதும் கையை நீட்டினார். வாங்கிக் கீழே இருந்த தகரத்தில் கொட்டினார். மேலே திறந்திருந்த சாக்கிலிருந்து ஒரு அகப்பை அள்ளினார். அப்போதுதான் என்னைப் பார்த்து, தாலிக் கதை சொன்ன பெண்ணைப் பார்த்துச் சிரித்தாரே, அதே சிரிப்பைச் சிரித்தார்.

“வாங்கோ மாஸ்ரர். வீட்டிலை எல்லாரும் சுகமே?”

அன்று இரவு கறி நல்ல மஞ்சள். மாமனாரும் வந்திருந்தார். எல்லோரும் இரண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். நானும்தான்.